மூன்றாம் சக்கரத்தின் கணக்கு: பந்தய சைடுகார் வாகனங்களின் பொறியியலும் வடிவமைப்பும்

பந்தய சைடுகார் என்பது, மோட்டார் சைக்கிளின் ஒரு பக்கத்தில் மூன்றாவது சக்கரத்தையும் தரையை ஒட்டிய தளம் ஒன்றையும் பிணைத்து, ஓட்டுநரும் துணையாளரும் சேர்ந்து இயக்கும் மூன்று சக்கரப் பந்தய வாகனம். வேகப் போட்டிகளில் ஓடும் வாகனங்களில் மிகப் பெரும்பாலானவை நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒத்த அமைப்பு உடையவை. காருக்கு நான்கு மூலைகளிலும் சக்கரங்கள் உண்டு, தனி மோட்டார் சைக்கிளுக்கு வளைவில் சாய்ந்துகொள்ளும் வசதி உண்டு. சைடுகாருக்கு இவ்விரண்டில் எதுவும் இல்லை. சாய முடியாத மோட்டார் சைக்கிளாகவும் ஒரு சக்கரம் குறைந்த காராகவும் ஒரே நேரத்தில் இருக்க நேர்ந்த இவ்வாகனத்தின் குறையை ஈடுசெய்வது துணையாளரின் உடல்தான். கடந்த நூறு ஆண்டுகளில் இவ்வாகனத்தின் எஞ்சின், சட்டகம், டயர், பிரேக் ஆகிய யாவும் அடியோடு மாறியிருந்தும், தளத்தின் மீது ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருக்கும் அந்த மனிதரின் வேலை மட்டும் மாறவில்லை என்பதும், அவரைத் தேவையற்றவராக்கிய வடிவமைப்புகளை இவ்விளையாட்டே இறுதியில் ஏற்க மறுத்துவிட்டது என்பதும் இவ்வாகனத்தின் வரலாற்றில் கருதத்தக்க செய்திகள்.

இந்த ஒழுங்கின்மை முதலில் வெளிப்படுவது நேர்ச்சாலையில்தான். எஞ்சினின் ஆற்றல் பின்சக்கரம் ஒன்றின் வழியாக மட்டுமே தரையில் இறங்குகிறது. ஆனால் மொத்த எடையின் ஈர்ப்பு மையம் அந்தச் சக்கரத்தின் நேர்க்கோட்டில் அமையாமல், மூன்றாம் சக்கரம் இருக்கும் பக்கமாகச் சற்று விலகியே நிற்கிறது. ஆகவே ஓட்டுநர் திராட்டிலைத் திருகும்போது மோட்டார் சைக்கிள் பகுதி முன்னே பாய, தளம் தன் நிலைமத்தால் பின்தங்கி, வாகனத்தின் மூக்கைத் தன் பக்கமாக இழுக்கிறது. பிரேக் பிடிக்கும்போது இதற்கு நேர்மாறாக, தளம் முன்னோக்கி ஓட முனைந்து மூக்கை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. ஒரு பக்கம் மட்டும் பாரம் தொங்கும் காவடியைத் தோளில் சுமப்பவர் நடக்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் உணரும் இழுப்பு இத்தகையதே. பழைய வாகனங்களில் ஓட்டுநர்கள் இந்த இழுப்பைக் கைப்பிடியால் எதிர்த்துப் போராடியும், சில வளைவுகளில் அதையே திரும்புவதற்குத் துணையாகக் கொண்டும் ஓட்டினர். பிற்காலத்தில் மூன்று சக்கரங்களுக்கும் பிரேக் பொருத்தி, அம்மூன்றையும் ஒரே காற்பெடலில் இணைத்ததன் மூலம் பிரேக்கின்போது எழும் திருப்பம் பெருமளவு அடங்கியது. முடுக்கத்தின்போது எழும் திருப்பத்துக்கோ அத்தகைய தீர்வு இல்லை. அதை ஓட்டுநரின் கையும் துணையாளரின் எடையும்தான் இன்றும் சமாளிக்கின்றன.

வளைவில் நிலைமை இன்னும் கடினமாகிறது. தளம் வலப்புறம் அமைந்த வாகனம் ஒன்று வலப்பக்கம் திரும்புகிறது என்று கொண்டால், வாகனத்தோடு சேர்ந்து சுழலும் பொருளை வெளியே தள்ளுவதாகத் தோன்றும் விசை இடப்பக்கமாகச் செயல்பட்டு, மூன்றாம் சக்கரத்தின் மீதுள்ள சுமையைக் குறைத்து அதைத் தரையிலிருந்து தூக்க முனைகிறது. அப்போது வாகனம் கவிழ்வதானால், முன்சக்கரமும் பின்சக்கரமும் தரையைத் தொடும் இரு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டை அச்சாகக் கொண்டே கவிழும். அந்தக் கோட்டிலிருந்து ஈர்ப்பு மையம் எவ்வளவு தொலைவில் உள்ளது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்ற இரண்டு அளவுகளின் விகிதமே வாகனம் தாங்கக்கூடிய பக்கவாட்டு முடுக்கத்தின் எல்லை.

எடுத்துக்காட்டாக, இருவரையும் சேர்த்து 380 கிலோ எடையுள்ள வாகனம் ஒன்றின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்திலும், கவிழ்வுக் கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவிலும் இருப்பதாகக் கொண்டால், அது புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.86 மடங்கு வரை மட்டுமே பக்கவாட்டு முடுக்கத்தைத் தாங்கும். அதற்கு மேல் போனால் மூன்றாம் சக்கரம் தூக்கிக்கொள்ளும். பந்தயங்களில் பயன்படும் வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயர்கள் உலர்ந்த சாலையில் இதைவிடக் கூடுதலான பிடிமானத்தைத் தரவல்லவை என்பதால், டயர் வழுக்குவதற்கு முன்பே வாகனம் கவிழத் தொடங்கும், டயரின் திறன் முழுவதும் பயன்படாமல் வீணாகும். இந்நிலையில் 70 கிலோ எடையுள்ள துணையாளர் வலப்பக்கமாக 60 சென்டிமீட்டர் நகர்ந்து, மூன்றாம் சக்கரத்துக்கு அப்பால் தம் உடலைத் தொங்கவிட்டால், மொத்த ஈர்ப்பு மையம் 11 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்து, எல்லை ஏறத்தாழ 1.17 மடங்காக உயர்கிறது. வளைவில் செல்லக்கூடிய வேகம் முடுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால், மணிக்கு 100 கிலோமீட்டரில் கவிழ்ந்திருக்கக்கூடிய அதே வளைவை இப்போது 117 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். கூடுதல் குதிரைத்திறனால் எளிதில் ஈட்ட முடியாத இந்த வேறுபாட்டை ஒரு மனித உடல் அரை மீட்டர் தொலைவு நகர்ந்து தந்துவிடுகிறது.

தளம் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது இடப்பக்கம் திரும்பும்போது, கவிழ்வுக் கோடு முன்சக்கரத்தையும் மூன்றாம் சக்கரத்தையும் இணைக்கும் சாய்கோடாக மாறிவிடுகிறது. இப்போது தூக்கிக்கொள்ள முனைவது பின்சக்கரம். எஞ்சினின் ஆற்றலைத் தரைக்குக் கடத்தும் ஒரே சக்கரமும் அதுவே என்பதால், அது இலேசானால் வாகனம் கவிழும் ஆபத்தோடு முடுக்கமும் போய்விடுகிறது. துணையாளர் தளத்திலிருந்து பின்னேறி, ஓட்டுநருக்குப் பின்னால் பின்சக்கரத்தின் மறைப்பின் மேல் குறுக்கே படுத்து, மார்பையும் தோளையும் இடப்பக்கம் வெளியே நீட்டி, தம் எடையை அச்சக்கரத்தின் மீது அழுத்துவது இதனால்தான். நேர்ச்சாலையில் அவர் காற்றுக்குத் தடையாகாதபடி தளத்தில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும், பிரேக் பிடிக்கும்போது முன்னே தூக்கியெறியப்படாமல் தம்மை இறுக்கிக்கொள்ள வேண்டும், வளைவிலிருந்து வெளியேறும்போது பின்சக்கரம் பிடிமானம் இழந்து சுழலாதவாறு மீண்டும் அதன் பக்கம் எடையைக் கொண்டுபோக வேண்டும்.

மனிதர் ஈடுசெய்வது இவ்வளவு என்றால், சட்டகம் ஈடுசெய்ய வேண்டியதும் உண்டு. பட்டறையில் அளந்து அமைக்கப்படும் சில நுட்பங்கள் அதற்கானவை. மூன்றாம் சக்கரத்தின் அச்சைப் பின்சக்கரத்தின் அச்சுக்கு நேராக வைக்காமல் சற்று முன்னே தள்ளி வைப்பதை 'லீட்' என்பர். அச்சக்கரம் முன்னே போகப் போக மேற்சொன்ன சாய்கோடு ஈர்ப்பு மையத்தைவிட்டு விலகுவதால், எதிர்ப்பக்க வளைவுகளில் வாகனம் உறுதியாக நிற்கும். ஆனால் பின்சக்கரத்தின் அச்சுக் கோட்டிலிருந்து விலகிய சக்கரம் திரும்பும்போது உருளுவதோடு நில்லாமல் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டும் போக வேண்டியிருப்பதால், டயர் தேய்வும் திருப்புவதற்கான உழைப்பும் கூடுகின்றன. மூன்றாம் சக்கரத்தின் முன்விளிம்பை மோட்டார் சைக்கிள் பக்கமாக மிகச் சிறிதளவு உள்நோக்கித் திருப்பி வைப்பது 'டோ-இன்' எனப்படும். தளம் வாகனத்தைத் தன் பக்கம் இழுக்கும் போக்கை இது தணிக்கிறது. இவ்விரண்டும் மில்லிமீட்டர்க் கணக்கில் அமைந்தவை என்றாலும், அவை பிழைத்தால் ஓட்டுநர் நேர்ச்சாலையில்கூடக் கைப்பிடியை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தபடியே போக நேரும்.

முன்சக்கரத்தின் பொருத்துமுறை இவற்றைவிட நுட்பமானது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி சுழலும் அச்சைத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்று முன்னே தரையைத் தொடும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரத்துக்கு 'டிரெயில்' என்று பெயர். தனி மோட்டார் சைக்கிளில் சக்கரம் தானே நேராகிக்கொள்வதற்கு இத்தூரம் தேவை. சாய்ந்து திரும்பாத சைடுகாரிலோ, கைப்பிடியின் ஒவ்வொரு திருப்பத்தையும் இத்தூரம் எதிர்க்கும் என்பதால், ஓட்டுநரின் தோள்கள் சில சுற்றுகளிலேயே ஓய்ந்துவிடும். ஆகையால் தொலைநோக்கிக் குழல்போல் நீண்டு சுருங்கும் வழக்கமான ஃபோர்க்குகளை விடுத்து, சக்கரத்தை முன்னோக்கி நீளும் கைகளில் தாங்கும் அமைப்புகள் சைடுகார்களில் விரைவில் இடம்பிடித்தன. அவற்றால் டிரெயிலைக் குறைக்கவும் முடிந்தது, பக்கவாட்டு விசையால் முன்பகுதி முறுகுவதைத் தடுக்கவும் முடிந்தது. சாயாத வாகனம் என்ற அதே காரணத்தால் டயர்களின் வடிவமும் மாறியது. தனி மோட்டார் சைக்கிளின் டயர் எந்தச் சாய்விலும் தரையைத் தொடுமாறு வட்டமான மேற்பரப்பு கொண்டது. சைடுகாரில் அது மெல்லிய கோடாகவே தரையைத் தொடும் என்பதால், அகன்று தட்டையான கார் டயர்களை ஒத்தவையும், அவற்றுக்கேற்ற சிறு விட்டமுள்ள சக்கரங்களும் 1960களில் வழக்கிற்கு வந்தன. சக்கரம் சிறியதானதும் வாகனம் முழுவதும் தரையை நோக்கி இறங்கியது, மேற்கண்ட கணக்கிலுள்ள உயரமும் அதனோடு குறைந்தது.

தொடக்கக் காலப் பொறியாளர்கள் வேறு வழியிலும் சிந்தித்தனர். சைடுகார் சாய முடியாததுதான் சிக்கல் என்றால் அதைச் சாயவைத்துவிடலாமே என்பது அவர்களின் வாதம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள லவுடன்வில்லில் ஹியூகோ யங் தொடங்கிய ஃபிளெக்ஸிபிள் நிறுவனம், மோட்டார் சைக்கிளோடு சேர்ந்து சாயும் சைடுகார்களைச் செய்து பந்தய உலகில் பெயர் பெற்றது. பேருந்து தயாரிப்பாளராக அது மாறியது பின்னாளில்தான். ஐல் ஆஃப் மேன் தீவின் பொதுச்சாலைகளில் நடக்கும் புகழ்பெற்ற டிடி பந்தயத்தில் சைடுகார் பிரிவு 1923இல் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, அதில் வென்ற ஃப்ரெடி டிக்சனும் துணையாளர் வால்டர் டென்னியும் ஓட்டிய டக்ளஸ் வாகனமும் இவ்வகையைச் சேர்ந்ததே. துணையாளர் ஒரு நெம்புகோலை இயக்கி மூன்றாம் சக்கரத்தை ஏற்றவோ இறக்கவோ செய்ய, வாகனம் வளைவின் உட்பக்கமாகச் சாய்ந்தது. அவர்களின் சராசரி வேகம் மணிக்கு 53.15 மைல், அதாவது ஏறக்குறைய 85.5 கிலோமீட்டர். இந்த ஏற்பாடு வென்றும் நிலைக்காமல் போனதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. நெம்புகோலையும் மூட்டுகளையும் சேர்ப்பதால் எடையும் தளர்ச்சியும் கூடுகின்றன, துணையாளர் வெறுமனே உடலை நகர்த்தினாலோ அதே பயன் எடையின்றிக் கிடைத்துவிடுகிறது.

1949இல் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம் உலகச் சாம்பியன் பட்டத்தைத் தொடங்கியபோது, இங்கிலாந்தின் எரிக் ஆலிவர் நார்ட்டன் எஞ்சினுடன் சைடுகார் பிரிவின் முதல் பட்டத்தை வென்றார். அவரது துணையாளர் டெனிஸ் ஜென்கின்சன் உருவில் சிறியவர். மோட்டார் பந்தயங்களைப் பற்றி எழுதிப் பெயர்பெற்ற அவர்தான் 1955இல் இத்தாலியின் மில்லே மிலியா நெடுஞ்சாலைப் பந்தயத்தில் பந்தய ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸுக்கு அருகில் அமர்ந்து, நீண்ட காகிதச் சுருளில் எழுதிவைத்த வழிக்குறிப்புகளைச் சைகைகளால் அறிவித்து வெற்றிக்கு உதவியவர். ஆலிவர் 1950, 1951, 1953 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் வென்றார். ஆனால் பொறியியல் நோக்கில் அவரது பெரும் பங்களிப்பு 1950களின் முற்பகுதியில் அவர் களமிறக்கிய தாழ்ந்த, காற்றுமேலுறை போர்த்திய வாகனம்தான். அதில் ஓட்டுநர் இருக்கையில் உட்காராமல், முழங்கால்களை ஊன்றி எரிபொருள் தொட்டியின் மேல் மார்பைச் சாய்த்துக் குப்புறக் கவிழ்ந்து ஓட்டினார். 'நீலர்' எனப்படும் இந்த நிலையில் ஓட்டுநரின் எடை தரையை நோக்கி இறங்குகிறது, காற்றை எதிர்க்கும் முன்பரப்பும் சுருங்குகிறது. தனி மோட்டார் சைக்கிளோடு துண்டொன்றை ஒட்டவைத்தது என்ற நிலையிலிருந்து சைடுகார், முழுமையும் ஒருசேரக் கருதி வடிவமைக்கப்பட வேண்டிய தனி வாகனம் என்ற நிலைக்கு மாறியது இந்தக் கட்டத்தில்தான். அதன்பின் ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வழக்கம் மெல்ல மறைந்தது.

நீலர் அமைப்பின் முழுப் பயனையும் அடைந்தவர்கள் ஜெர்மானியர். 1954 முதல் 1974 வரையான 21 பருவங்களில் 19 பட்டங்கள் பிஎம்டபிள்யூ எஞ்சின் பொருத்திய வாகனங்களுக்கே கிடைத்தன. தனி மோட்டார் சைக்கிள் போட்டியில் பெரிதாகச் சோபிக்காத ஓர் எஞ்சின், மூன்று சக்கரங்களில் இருபதாண்டுக் காலம் கோலோச்சியதற்கான காரணம் அதன் வடிவத்தில் இருக்கிறது. 1954இன் ஆர்எஸ் எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள் கிராங்க் ஷாஃப்டின் இருபுறமும் தரைக்கு இணையாகப் படுத்திருந்தன. சாய்ந்து திரும்பும் தனி மோட்டார் சைக்கிளில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டர்கள் தரையில் உரசும் அபாயம் உண்டு. சாயாத சைடுகாரில் அந்தக் குறை இல்லாமற்போனதுடன், எஞ்சினின் எடை முழுவதும் சக்கர அச்சின் உயரத்தை ஒட்டியே அமைந்தது. அதன் மேற்பரப்பு தாழ்வாக இருந்ததால் முழங்காலிட்ட ஓட்டுநர் மேலும் தாழ்ந்து படுக்க முடிந்தது, இரு சிலிண்டர்களும் நேரே காற்றை எதிர்கொண்டதால் எஞ்சின் சீராகக் குளிர்ந்தது, நீண்ட பந்தயத்தில் அறுந்துபோகக்கூடிய சங்கிலிக்குப் பதில் ஷாஃப்ட் வழியாக ஆற்றல் பின்சக்கரத்தை அடைந்தது. வில்ஹெல்ம் நோல், மாக்ஸ் டாய்பெல், ஆறு முறை பட்டம் வென்ற கிளாவுஸ் எண்டர்ஸ் ஆகியோரின் திறமையை இந்தக் கணக்கு குறைத்துவிடாது. எனினும் அவர்களின் போட்டியாளர்களும் அதே எஞ்சினை நாடிப் போனார்கள் என்பது அந்த எஞ்சினுக்கும் இந்த வாகனத்துக்கும் இருந்த பொருத்தத்தைக் காட்டுகிறது.

அந்த 21 பருவங்களில் பிஎம்டபிள்யூ தோற்ற இரண்டும் ஒரே மனிதரின் எஞ்சினுக்குத் தோற்றவை. 1960இல் பிஎம்டபிள்யூவுடன் உலகச் சாம்பியனான ஹெல்முட் ஃபாத், 1961இல் நியூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் நேர்ந்த விபத்தில் துணையாளர் ஆல்ஃபிரட் வோல்கெமுத்தை இழந்து, தாமும் கடுமையாகக் காயமுற்றார். களத்தைவிட்டு விலகியிருந்த ஆண்டுகளில் அவர் தம் சொந்த ஊரான உர்ஸன்பாக்கின் பெயரால் 'உர்ஸ்' என்ற நான்கு சிலிண்டர் எஞ்சினைத் தாமே வடிவமைத்து, 1968இல் வோல்ஃப்காங் கலாவ்ஹைத் துணையாளராகக் கொண்டு மீண்டும் பட்டம் வென்றார். 1971இல் ஹார்ஸ்ட் ஓவெஸ்லே வென்றதும் அவ்வெஞ்சினின் வழித்தோன்றலைக் கொண்டே. பெருநிறுவனம் ஒன்றின் பந்தயப் பிரிவோடு மோதி, தாமே செய்த எஞ்சினால் ஓட்டுநர் ஒருவர் உலகப் பட்டம் வென்ற இச்சாதனை மோட்டார் பந்தய வரலாற்றில் தனக்குரிய இடத்தை இன்னும் பெறவில்லை.

1970களில் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் வந்தபோது பிஎம்டபிள்யூவின் காலம் முடிந்தது. 1975, 1976 ஆண்டுகளில் ரோல்ஃப் ஷ்டைன்ஹவுஸன் வென்றது மேற்கு பெர்லினின் கோனிக் எஞ்சினால். விசைப்படகுகளின் பின்புறம் பொருத்தப்படும் எஞ்சின்களின் வழிவந்ததும், நீரால் குளிர்ந்ததும், நான்கு சிலிண்டர்களும் தட்டையாகப் படுத்ததுமான அந்த எஞ்சின் சைடுகாருக்கென்றே வார்த்தது போல் பொருந்தியது. அதைத் தொடர்ந்து யமஹாவின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் களத்தை நிறைத்தன. ஆற்றல் எல்லோருக்கும் எளிதில் கிடைத்துவிட்டதால், வடிவமைப்பாளர்களின் கவனம் எஞ்சினைவிட்டுச் சட்டகத்தின் மீது திரும்பியது. 1970களின் பிற்பகுதியில் நேர்ந்த நெருக்கடிக்கு வித்து இதுதான்.

ஸ்விட்சர்லாந்தின் பட்டறைகளில் அப்போது உருவான வாகனங்கள், மோட்டார் சைக்கிளின் குழாய்ச் சட்டகத்தைக் கைவிட்டு, பந்தயக் கார்களின் வழியில் சென்றன. ஃபோர்க்குகள் மறைந்தன. சக்கரத்தின் மையக்கூட்டுக்குள்ளேயே திரும்பும் அச்சை வைத்து, 'விஷ்போன்' எனப்படும் முக்கோணக் கைகளால் அதைச் சட்டகத்தோடு இணைக்கும் அமைப்பு வந்தது. 1978இல் ரோல்ஃப் பிலாண்ட் பிஇஓ-யமஹாவைக் கொண்டு பட்டம் வென்றபோது இப்போக்கு உச்சத்தைத் தொட்டது. அந்த வாகனம் உண்மையில் மூன்று சக்கரக் கார். அதில் துணையாளர் கென்னி வில்லியம்ஸுக்கு இடம் மாறிச் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய எதுவுமே இல்லை. பொறியியல் அளவுகோலால் மட்டும் பார்த்தால் அது தவறே இல்லாத தீர்வு. நகரும் எடையின் துணையின்றி நிலையாக நிற்கும் வாகனம், நகரும் எடையை நம்பியிருக்கும் வாகனத்தைவிடச் சிறந்தது என்று எந்தப் பொறியாளரும் சொல்வார்.

எஃப்ஐஎம் அவ்வாறு கருதவில்லை. 1979இல் போட்டி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, மரபான வாகனங்களுக்கு பி2ஏ என்றும் புதுவகை வாகனங்களுக்கு பி2பி என்றும் தனித்தனிப் பட்டங்கள் வழங்கப்பட்டன. மரபுப் பிரிவில் பிலாண்டே வென்றார், மற்றதில் புரூனோ ஹோல்சர் வென்றார். மறு ஆண்டே பட்டம் மீண்டும் ஒன்றாகி, அதன்பின் ஒரே பின்சக்கரத்தால் மட்டும் உந்தப்படுவதும், ஒரே முன்சக்கரத்தால் மட்டும் திருப்பப்படுவதும், துணையாளரின் செயலூக்கமான பங்கு இன்றியமையாததுமான வாகனமே சைடுகார் என்ற வரையறை நிலைபெற்றது. இம்முடிவைப் புதுமைக்குப் போட்ட தடை என்று அன்று பலர் குறை கூறினர். ஆனால் விளைவை வைத்து மதிப்பிட்டால் அம்முடிவு சரியானதே. விஷ்போன், தாழ்ந்த சட்டகம், கார் வகைச் சக்கரம் ஆகிய பயனுள்ள யாவற்றையும் அந்த வரையறை அனுமதித்தது. அது விலக்கியது ஒன்றைத்தான்: துணையாளரை வெறும் சுமையாக மாற்றும் வழியை. பல விளையாட்டுகளில் விதிகள் பொறியியலைத் துரத்திக்கொண்டு பின்னால் ஓடுகின்றன. இங்கே விதி, எந்தச் சிக்கலைத் தீர்க்கலாம், எந்தச் சிக்கலைத் தீர்க்காமல் விட்டுவைக்க வேண்டும் என்று பொறியாளருக்கு முன்கூட்டியே சொன்னது.

புதிய வரையறைக்குள் மிகச் சிறந்த பதிலைத் தந்தவர் ஸ்விட்சர்லாந்தின் லூயி கிறிஸ்டன். அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்ட எல்சிஆர் வாகனங்களில் குழாய்ச் சட்டகத்துக்குப் பதிலாக, உலோகத் தகடுகளை மடித்து இணைத்த தொட்டி போன்ற உடலே எல்லா விசைகளையும் தாங்கும் 'மோனோகாக்' அமைப்பு இருந்தது. எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் போனது, ஓட்டுநர் முன்சக்கரத்தை நெருங்கிக் குப்புறப் படுத்தார், முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் நீண்டது. அவ்வாறு நீண்டதால் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்வது குறைந்து, மூன்று டயர்களும் சமமாக உழைத்தன. 1980களிலும் அதன் பின்னும் எல்சிஆர் சட்டகமே உலகப் போட்டிகளின் பொதுவாகனம் என்று கூறும் அளவுக்குப் பரவியது. எக்பர்ட் ஷ்ட்ரோயர், ஸ்டீவ் வெப்ஸ்டர், மொத்தம் ஏழு பட்டங்களைப் பெற்ற பிலாண்ட் ஆகியோர் அதன் மீதேறி வென்றவர்கள். பிலாண்டின் 1994ஆம் ஆண்டு வெற்றிக்கு உதவிய ஸ்விஸ்ஆட்டோ வி4 எஞ்சின், சைடுகாருக்காகப் பிறந்து, பிறகு 500 சிசி தனி மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் போனது. கடன் வாங்குவதே வழக்கமாயிருந்த சைடுகார் உலகம் திருப்பிக் கொடுத்த அரிய நேர்வு அது.

ஐல் ஆஃப் மேனில் 1990 முதல் வேறுவகை வாகனம் ஓடுகிறது. ஃபார்முலா டூ எனப்படும் இது குட்டையானது, இதில் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கிறது. சுற்று ஒன்று 37.73 மைல், அதாவது ஏறத்தாழ 60.7 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலையில் கல்சுவர்களும் மேடுபள்ளங்களும் பாலங்களும் நிறைந்திருப்பதால், மழமழப்பான பந்தயத் தடத்துக்கென்று நீட்டி இறக்கிய எல்சிஆர் வகையைவிட, சட்டென்று திரும்பக்கூடிய குட்டை வாகனமே அங்கு ஏற்றது. தீவைச் சேர்ந்த டேவ் மாலினோ, தாமே கட்டிய சட்டகங்களில் ஓட்டிப் பதினேழு முறை அங்கு வென்றவர். சட்டகம் கட்டுபவரும் ஓட்டுநரும் ஒரே ஆளாக இருக்கும் மரபு இந்த விளையாட்டில் மட்டும் இவ்வளவு காலம் உயிரோடிருப்பது தற்செயல் ஆகாது. இவ்வளவு சிறிய சந்தைக்காக எந்தப் பெரிய நிறுவனமும் சைடுகார் செய்ய முன்வராததால், பட்டறையே பள்ளியாகவும் தொழிற்சாலையாகவும் இயங்க வேண்டியிருக்கிறது.

துணையாளரின் இடத்தை வடிவமைப்பதில்தான் அந்தப் பட்டறையின் கைத்திறன் தெரியும். மேலோட்டமாகப் பார்த்தால் அது தட்டையான பலகை. உண்மையில் அதன் ஒவ்வோர் அங்குலமும் ஒரு குறிப்பிட்ட ஆளின் உடலுக்காக அளந்தது. கைப்பிடிகள் அவருடைய கை எட்டும் தூரத்துக்கேற்பப் பற்றவைக்கப்படுகின்றன. வலப்பக்க வளைவுக்கு ஒன்று, இடப்பக்க வளைவுக்கு ஒன்று, பிரேக் பிடிக்கும்போது பற்றிக்கொள்ள ஒன்று, ஒன்றைவிட்டு மற்றொன்றுக்குத் தாவும் கணத்தில் நம்பியிருக்க இடையில் ஒன்று. கால் வழுக்காதபடி தளத்தில் சொரசொரப்பான பட்டைகள் ஒட்டப்படுகின்றன. பின்சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் உடைக்கும் இடையே மறைப்புகள் அடைக்கப்படுகின்றன. பிரிட்டனில் சாலையின் இடப்பக்கமாக ஓட்டுவதால் தளமும் இடப்பக்கம் அமைவது வழக்கம். அத்தகைய வாகனம் டிடி தடத்தில் பிரே ஹில் சரிவில் உச்ச வேகத்தில் இறங்கி, குவார்ட்டர் பிரிட்ஜ் என்ற மெதுவான வலப்பக்க வளைவை அணுகுகையில், துணையாளர் முதலில் தளத்தில் உடலைத் தாழ்த்தி பிரேக்கின் அதிர்ச்சியைக் கைகளில் வாங்கி, அது முடிவதற்குள் இடக்கையை விட்டுவிட்டுப் பின்சக்கரத்தின் மேல் வலப்பக்கமாகப் பாய்ந்து, தோள் தரைக்கு மிக அருகே தாழ்ந்திருக்கும் நிலையில் வாகனம் திரும்பும்வரை அசையாமல் காத்து, ஓட்டுநர் திராட்டிலைத் திருகும் கணத்தில் இடுப்பை மட்டும் பின்னே இறக்குகிறார். இந்த நகர்வுகள் ஓட்டுநரின் செயலுக்குப் பின்னால் வரக் கூடாது, ஒரு நொடியின் சிறு பங்கேனும் முன்னால் வர வேண்டும். ஏனெனில் டயரின் மீதான சுமை மாறிய பிறகே அது கூடுதல் விசையைத் தாங்கும். இருவருக்கும் இடையே பேச்சோ சைகையோ சாத்தியமில்லை. தடத்தின் ஒவ்வொரு வளைவையும் இருவரும் தனித்தனியே மனப்பாடம் செய்து, அதை ஒரே நேரத்தில் நினைவுகூர்கிறார்கள்.

இந்த நம்பிக்கைக்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. 1954இல் டிடியில் போட்டியிட்ட முதல் பெண்ணாகிய துணையாளர் இங்க ஷ்டோல், 1958இல் செக்கோஸ்லோவாகியாவின் புர்னோவில் ஓட்டுநர் ஜாக் திரியோனுடன் உயிரிழந்தார். ஓட்டுநர்கள் ஃபுளோரியன் கமாத்தியாஸ் 1965இலும், ஃபிரிட்ஸ் ஷைடெக்கர் 1967இலும் இங்கிலாந்துப் பந்தயத் தடங்களில் மாண்டனர். 1982இல் டிடியில் மணிக்கு 108.29 மைல் வேகச் சாதனை படைத்த ஜாக் டெய்லர், அதே ஆண்டில் ஃபின்லாந்தின் இமாத்ராவில் மழையில் நடந்த பந்தயத்தில் உயிரிழந்தார். பிரேக்கும் டயரும் தடங்களின் பாதுகாப்பும் முன்னேறிய பின்பும், வாகனத்தோடு தம்மைப் பிணைக்காமல் கைப்பிடியை மட்டும் நம்பியிருக்கும் துணையாளரைக் காக்கும் முழுமையான ஏற்பாட்டை எந்தப் பொறியாளராலும் செய்துவிட முடியவில்லை. அவரைக் கட்டிவைத்தால் அவர் நகர முடியாது, நகராவிட்டால் வாகனம் நிற்காது.

2023இல் பென் பிர்ச்சல், டாம் பிர்ச்சல் சகோதரர்கள் டிடி தடத்தில் ஒரு சுற்றை மணிக்கு 120.645 மைல் சராசரி வேகத்தில் முடித்து, சைடுகாரில் 120 மைலைக் கடந்த முதல் இணையராயினர். டிக்சனும் டென்னியும் வென்ற 1923க்கும் அதற்கும் இடையே சரியாக நூறு ஆண்டுகள். துணையாளரின் பணியை ஓட்டுநரின் பணிக்கு நிகராக மதித்து, பட்டத்தை இருவர் பெயரிலும் வழங்கும் மரபின்படி, 2016இல் பெக்கா பாய்வாரிண்டாவின் துணையாளராக உலகச் சாம்பியன் பட்டம் பெற்ற ஃபின்லாந்தின் கிர்ஸி கைனுலாய்னன், மோட்டார் சைக்கிள் சாலைப் பந்தயத்தில் எஃப்ஐஎம் உலகப் பட்டம் வென்ற முதல் பெண்மணி ஆனார்.